சிப்பாயின் ஊசிநூல் பை

எல்லோருக்கும் வணக்கம். நம் வெலிங்டன் பக்கம் பட்டாளத்து ஆள் இல்லாத வீடு குறைவு, அதனால் துப்பாக்கியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பேச வந்தது மதராஸ் ரெஜிமெண்டில் இருந்த என் அப்பாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு காக்கித் துணிச்சுருளைப் பற்றி.

நாடாவை அவிழ்த்தால் சின்னச் சின்ன அறைகள்: நூல், பித்தான்கள், விரலில் மாட்டும் கூடு, சாம்பல் நிறக் கம்பளி நூல். ஊசிகள் மட்டும் ஒரு கம்பளித் துண்டில் குத்தியிருக்கும். ஜூன், ஜூலைச் சாரலில் இங்கே எந்த இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கிறது சொல்லுங்கள், அப்பாவின் ஊசிகள் பிடிக்கவில்லை.

இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ஹவுஸ்வைஃப், அதாவது இல்லத்தரசி. பேச்சில் தேய்ந்து ஹஸ்ஸிஃப் ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்த பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) அம்மாக்களும் தங்கைகளும் பழைய பாவாடைத் துணியில் இதைத் தைத்து மகன் கையில் கொடுத்தனுப்பினார்கள். முதல் உலகப் போரிலோ பிரிட்டிஷ் சிப்பாய்க்குச் சவரக்கத்தி, சீப்பு, கரண்டியோடு இதையும் பட்டாளமே கொடுத்தது.

ஏன் இவ்வளவு அக்கறை? கால்தான். 1914-15 குளிர்காலத்தில் பதுங்குகுழிச் சேற்றிலேயே நின்று நின்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பாதம் அழுகியது, அப்புறம்தான் திமிங்கில எண்ணெய் தேய்க்கணும், காய்ந்த சாக்ஸ் மாற்றணும் என்று உத்தரவு போட்டு அதிகாரிகளே குனிந்து சிப்பாய்களின் காலைப் பார்த்தார்கள். மாற்றுகிற சாக்ஸில் ஓட்டை இருந்தால்?

அப்பா ஓட்டையை அடைப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாக்ஸுக்குள் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு இழுத்துப் பிடிப்பார், முதலில் நெடுக்காக இழைகளை ஓட்டிவிட்டு, பிறகு குறுக்கே ஒன்று மேலே ஒன்று கீழே என்று கயிற்றுக்கட்டில் பின்னுவதுபோல் கொண்டுபோவார். முடிச்சு மட்டும் போடமாட்டார். "முடிச்சு இருந்தா பத்து மைல்ல கொப்புளம்டா" என்பார். ஊசி வேலை பெண்கள் வேலை என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இன்னொன்று சொல்லியே ஆகணும். அதே அமெரிக்க உள்நாட்டுப் போர், 1864 ஜூன், வர்ஜீனியாவில் கோல்ட் ஹார்பர் என்ற போர்க்களம். விடிந்தால் தாக்குதல். வடக்குப் படையின் தளபதி கிராண்டின் உதவி அதிகாரி ஹோரஸ் போர்ட்டர் அந்த வழியாகப் போகிறார், வீரர்கள் கோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். கிழிசல் தைக்கிறார்கள் என்றே நினைத்தார். கிட்டே போய்ப் பார்த்தால், பேரும் ஊர் விலாசமும் எழுதிய காகிதத் துண்டைக் கோட்டின் முதுகில் குத்திக்கொண்டிருக்கிறார்கள், செத்துக் கிடந்தால் இன்னார் என்று வீட்டுக்குத் தெரியவேண்டுமே என்று. படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

சரி, அப்பாவின் பை அதோ அந்த மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையில் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். சாம்பல் கம்பளி கோத்த ஊசி ஒன்று அதில் நிற்கும், அதை மட்டும் உருவிவிடாதீர்கள். அவர் கடைசியாகக் கோத்து வைத்தது அது.