கும்மென்றும் கொழகொழவென்றும்

வணக்கம். மெல்லிசைக் கச்சேரி கேட்டிருக்கும் எல்லோரும் பேஸ் கிட்டாரையும் கேட்டிருப்பீர்கள். அதுதான் பேஸ் என்று தனியாகப் பிரித்துக் கேட்டிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். நான்கு தடித்த கம்பிகள், பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் சுரங்கள். சென்னை மேடைகளில் நெடுநாளாக நான் வாசித்துவருவது அதைத்தான். ஆனால் இன்று வாசிப்பைப் பற்றிப் பேச வரவில்லை. அந்த ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் தொனியை நாங்கள் எந்தச் சொற்களால் பேசிக்கொள்கிறோம் என்பதைச் சொல்ல வந்தேன்.

ஒத்திகைக்கு வந்து பாருங்கள். ‘கும்முனு இருக்கு’ என்பார் ஒருவர். ‘கொழகொழன்னு இருக்கு’ என்பார் இன்னொருவர். ‘பாடியே இல்ல’, அதாவது தொனியில் கனம் இல்லை. ‘பஞ்ச் வேணும்’, அதாவது ஒவ்வொரு சுரமும் அடித்தாற்போல விழ வேண்டும். ‘மூக்கால பாடுது’, ‘கொஞ்சம் வார்மா வைங்க’. புதிதாக வருபவர்களுக்கு இது ஆளுக்கொரு ரசனை போலத் தோன்றும். ஒலிப்பதிவு படித்துவிட்டு வரும் தம்பிகள் சிலர், ‘ஹெர்ட்ஸ்ல சொல்லுங்க சார்’ என்கிறார்கள். ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. அது வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொற்களைத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கட்சி. ஒவ்வொரு சொல்லும் காது கண்டுபிடித்த ஓர் உண்மை. என்ன கேட்கிறது என்பதை அது சரியாகச் சொல்லும். எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாது. அதைத் தேடுவது நம் வேலை.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் வேனிற்காதை. மாதவி யாழைக் கையில் எடுக்கிறாள். அவள் நீக்க வேண்டிய குற்றங்கள் என்று அங்கே நான்கு பெயர்கள் வருகின்றன: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. உரைகாரர்கள் பொருளும் சொல்லியிருக்கிறார்கள். செம்பகை, பண்ணோடு ஒட்டாத இன்பமில்லாத ஓசை. ஆர்ப்பு, அளவு மீறி ஒலிப்பது. கூடம், தெளிவாக வராமல் மழுங்கி ஒலிப்பது. அதிர்வு, இழுமென்று வராமல் சிதறி ஒலிப்பது. நாங்கள் ‘கும்முனு இருக்கு’ என்பதை ஆர்ப்பு என்றும், ‘கொழகொழன்னு இருக்கு’ என்பதைக் கூடம் என்றும் தாராளமாகச் சொல்லலாம். இனிமையாக, தடையில்லாமல் வரும் ஓசையைக் குறிக்கும் ‘இழும்’ என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நல்ல பேஸ் தொனிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

சரி, கும்முக்கும் கொழகொழவுக்கும் என்ன வித்தியாசம்? ஏதோ ஒரு சுரம் மட்டும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு பெரிதாக எழுந்தால் அது கும். சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, குழைந்த சாதம் போல, எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போனால் அது கொழகொழ. பெரும்பாலும் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் அளவு கூடிப்போனால் இப்படி ஆகும். இரண்டும் வேறு. மருந்தும் வேறு.

மாம்பலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், வரவேற்புக் கச்சேரி. என் ஆம்ப்ளிஃபையரை மேடை மூலையில், பூ அலங்காரத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மேடை, பலகை அடித்து உள்ளே கூடாக இருந்தது. பாடுகிற பெண், ‘அண்ணா, பேஸ் ஒரே கும்முனு இருக்கு’ என்றார். மைக்செட்காரர் பேஸ் நாபைக் குறைத்தார். ‘இப்ப பாடியே இல்லையே அண்ணா’ என்றார் அந்தப் பெண். ஏற்றினார். மறுபடி கும். விருந்தினர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் குழுவில் டோலக் வாசிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் மேடையை விட்டு இறங்கி, ‘நீ ஒவ்வொரு சுரமா மெதுவா வாசி’ என்று சொல்லிவிட்டு மண்டபம் முழுக்க நடந்தார். நான் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டே போனேன். கடைசி வரிசையில் நின்று கையைத் தூக்கினார். ‘அந்த ஒண்ணுதான் குதிக்குது. மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு’ என்றார். அது ஏ கம்பியில் மூன்றாவது கட்டம், சுமார் 65 ஹெர்ட்ஸ்.

ஒரே ஒரு சுரம் குதித்தால் பெரும்பாலும் குற்றம் கிட்டாரிலும் இல்லை, நாபிலும் இல்லை. அறையில் இருக்கிறது, இல்லையென்றால் மேடையில். பேஸின் அடிக் கம்பி வினாடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை 8 மீட்டருக்கும் மேல் நீளம். இவ்வளவு நீளமான அலைகளை ஒரு மண்டபம் தன் அளவுக்கு ஏற்றபடி சில இடங்களில் ஊதிப் பெரிதாக்கும், சில இடங்களில் விழுங்கிவிடும். மூலையில் வைத்தால் இன்னும் பெரிதாகும். நாங்கள் ஆம்ப்ளிஃபையரை மூலையிலிருந்து வெளியே இழுத்து, பந்தியிலிருந்து ஒரு மேசை கொண்டுவந்து அதன்மேல் ஏற்றினோம். மேசைமேல் விரித்த தாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பேஸ் நாப் நடுவிலேயே நின்றது. ‘இப்ப சரிண்ணா’ என்றார் அந்தப் பெண். திரும்பவும் சொல்கிறேன், நாபில் கை வைக்கும் முன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

‘பாடி இல்ல’ என்பதற்கும் இதே கதைதான். பாடி என்றால் அடி ஒலி என்று நினைத்து எல்லோரும் பேஸ் நாபை ஏற்றுகிறார்கள். இந்த உரையை நீங்கள் கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் அதே கைபேசியில் சினிமாப் பாட்டு கேட்கும்போது பேஸ் என்ன சுரம் வாசிக்கிறது என்று காதுக்குப் புரிகிறது. 82, 124, 165 என்று மேலே அடுக்கடுக்காக வரும் துணை அதிர்வுகளை வைத்துக் காது அடிச் சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. ஆகவே பாடி இல்லையென்றால் பல சமயம் நடு ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மிட் நாபைத்தான் பார்க்க வேண்டும். மிட் அளவு மீறினால் மூக்கால் பாடும், அதுவும் உண்மை.

இன்னொன்று. வீட்டில் மெதுவாக வைத்து வாசிக்கும்போது நன்றாக இருந்த தொனி மேடையில் ஏன் கும்மென்கிறது? ஒலி குறைந்தால் காது அடிச் சுரங்களைத்தான் அதிகமாக இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட ஏற்றிய பேஸ், மேடையில் சத்தம் கூடியதும் மிகையாகிவிடுகிறது.

‘வார்ம்’ பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஒரு நிமிடம்தான் மிச்சம். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி போன்ற 300 வாட் வால்வ் ஆம்ப்ளிஃபையர்களை, அதாவது கண்ணாடிக் குழாய் வைத்த பழைய வகை ஆம்ப்ளிஃபையர்களைத் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளினால் ஒலியின் முனை வெட்டுப்படாமல் மெல்ல மழுங்கும். மேலே துணை அதிர்வுகளும் சேரும். வார்ம் என்று பலர் சொல்வது அதைத்தான். பழைய கம்பியிலும் ஓரளவு வரும். வால்வ் ஆம்ப்ளிஃபையர் கிடைக்காதவர்கள் வலக்கையைக் கிட்டாரின் கழுத்துப் பக்கம் நகர்த்தி, விரல் சதையால் வாசித்துவிட்டு, அப்புறம் ட்ரெபிள் நாபைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.