முதல் வாரத்தின் விலை

நேயர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் மகனுக்குப் பதினைந்து வயது. போன வருடம் வெளிவந்த ஒரு வீடியோ கேமின் வரைபடம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். எந்தப் பாலத்தைத் தாண்டினால் எந்தக் கோட்டை, எந்த அரக்கனை நெருப்பால் அடிக்க வேண்டும், எல்லாம் சொல்வான். ஆனால் அப்போது அந்த கேமை அவன் ஒருநாள்கூட ஆடியிருக்கவில்லை. யாரோ ஆடுவதை யூடியூபில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது அத்தனையும். பார்க்கும்போது அவன் கட்டைவிரல்கள் இரண்டும் தானாக அசையும், கையில் கன்ட்ரோலர் இருக்காது. அதைக் கவனித்த நாளிலிருந்து புதிய கேம்களின் விலை விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை.

பெரிய நிறுவனங்களின் புதிய கேம்கள் 2005-க்குப் பிறகு பதினைந்து வருடம் போல 60 டாலரில் நின்றன. 2020-இல் புதிய கன்சோல்களோடு, அதாவது டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவிகளோடு, 70 ஆனது. 2025 ஜூனில் வந்த 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' 80 டாலர். நிறுவனங்கள் சொல்லும் காரணத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஒரு பெரிய கேமை உருவாக்க இன்று நூற்றுக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். சிலவற்றின் செலவு 20 கோடி டாலரைத் தாண்டுகிறது. அந்த உழைப்புக்குக் கூலி வேண்டும்தான்.

"சரி, கொஞ்சம் பொறுத்து வாங்கினால் என்ன? சில மாதத்தில் பாதி விலைக்கு வருமே" என்று பெரியவர்கள் கேட்கிறோம். நானும் அவனிடம் கேட்டேன். "அப்போ யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க அத்தை" என்றான். பிள்ளைகள் கேமுக்குத்தான் காசு கேட்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த வாரப் பேச்சில் தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் ஒரே கோட்டை வாசலில் சிக்கித் தவிக்கும் அந்த ஒரு வாரம் திரும்ப வராது.

விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். 2023-இல் 'ஸ்டார்ஃபீல்ட்' வந்தபோது சாதாரணப் பதிப்பு 70 டாலர். 100 டாலர் கொடுத்துப் பிரீமியம் பதிப்பு வாங்கினால் ஐந்து நாள் முன்னாலேயே ஆடலாம். கூடுதல் பணத்துக்கு என்னென்னவோ தருகிறார்கள், ஆனால் பையன்கள் கண்ணில் படுவது அந்த ஐந்து நாள்தான். காத்திருக்க முடியாத வயதில் இருப்பவர்களிடம் காத்திருப்பையே விலைக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, கேம் பதிந்து வரும் டிஸ்க். முன்பு ஒருவன் வாங்கினால் நான்கு வீடுகளுக்குப் போகும். முடித்ததும் விற்று, அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை வாங்குவார்கள். 2020-இல் பிளேஸ்டேஷன் 5 என்ற கன்சோல் இரண்டு விதமாக வந்தது. டிஸ்க் போடும் வசதி இல்லாதது 100 டாலர் மலிவு. செலவு கையைக் கடிக்கும் குடும்பம் எதை வாங்கும்? மலிவானதைத்தான். அதன் பிறகு அந்த வீட்டுப் பிள்ளையால் பழைய டிஸ்க் வாங்க முடியாது, நண்பனிடம் இரவல் கேட்க முடியாது, விற்கவும் முடியாது. டவுன்லோடு கேம் என்றால் நம் கையில் இருப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான். காசில்லாத வீட்டுக்குத்தான் ஒவ்வொரு கேமும் முழு விலை ஆகிறது. இதை நினைக்கும்போது உண்மையிலேயே வயிறு எரிகிறது.

இலவச கேம்கள் இருக்கின்றனவே என்பார்கள். அவற்றில் கதாபாத்திரம் போடும் உடைகளுக்கும், ஆடும் நடனங்களுக்கும் தனித்தனியாகக் காசு. 'ஃபோர்ட்நைட்' என்ற இலவச கேமின் நிறுவனம், பயனர்களைத் தெரியாமல் வாங்க வைத்தது என்ற வழக்கில், 24.5 கோடி டாலர் திருப்பித்தர 2022-இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது.

வேறு வழியும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் உருவாக்கிய 'சில்க்சாங்' என்ற கேம் 20 டாலருக்கு வந்தது. வாங்க முண்டியடித்த கூட்டத்தில் இணையக் கடைகளே சற்று நேரம் திணறின. அந்த வாரம் எத்தனையோ பிள்ளைகள் முதல் நாளே உள்ளே நுழைந்தார்கள். பெற்றோருக்கு ஒரு தகவல்: கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியது பிடிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணம் திரும்பக் கிடைக்கும். கன்சோல் வாங்கும்போது டிஸ்க் வசதி உள்ளதா என்று பாருங்கள். அப்புறம், பிள்ளை கேம் கேட்டால் "வெட்டிச் செலவு" என்று பேச்சை முறிக்காமல், யாரோடு ஆடப் போகிறாய் என்று கேளுங்கள்.

என் மருமகனுக்கு எட்டு மாதம் கழித்து, தள்ளுபடியில், அந்த கேம் கிடைத்தது. பதினேழு நாளில் முடித்தான். அதற்குள் நண்பர்கள் எல்லோரும் வேறு கேமுக்குப் போயிருந்தார்கள். ஒரு ஞாயிறு மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடைசி அரக்கனை எப்படி வீழ்த்தினான் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். எனக்குப் பாதி புரியவில்லை. இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.