‘ஆக’ வந்தால் ‘லி’ வருமா?

வணக்கம் நேயர்களே.

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் சாதாரண தர (ஓ/எல்) வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஆங்கிலம் படிக்கிறார்கள். போன கிழமை ஒரு பிள்ளையின் கொப்பியில் ‘ஷீ இஸ் பியூட்டிஃபுலி’ என்றிருந்தது.

“ஏன் புள்ள லி போட்ட?”

“அவள் அழகாக இருக்கிறாள் எண்டுதானே சேர் சொல்றம்? ஆக வந்தா லி போடச் சொன்னது நீங்கதானே?”

அவள் கேட்டது நியாயம். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

‘மெதுவான’ என்ற பெயரடை, அதாவது ஆளையோ பொருளையோ விவரிக்கும் சொல், ‘மெதுவாக’ என்று வினையடை, அதாவது செயலை விவரிக்கும் சொல், ஆவது போல, ஸ்லோ என்பது ஸ்லோலி ஆகும். கல்லடிப் பாலத்தில் ஒருவர் மெதுவாக நடந்தால் ‘ஹீ வோக்ஸ் ஸ்லோலி’. ஹாப்பி என்ற சொல்லின் கடைசி ‘வை’ எழுத்து ‘ஐ’ ஆகி ஹாப்பிலி என்று வரும். இதுவரை சிக்கலில்லை.

சிக்கல் நம்முடைய ‘இருக்கிறது’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் அதற்கு முன்னாலும் ‘ஆக’ போடுகிறோம்: அழகாக இருக்கிறாள், மணமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இஸ்’ என்பதற்குப் பின்னால் ஆளின், பொருளின் தன்மையைச் சொல்ல வெறும் பெயரடைதான் வரும். ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்.’ அவள் பாடினால் மட்டும், ‘ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி.’

லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல் போன்ற சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும். அடுப்பில் மீன்கறி மணக்கிறது: ‘த கறி ஸ்மெல்ஸ் நைஸ்.’ அது கறியின் தன்மை. சந்தையில் அம்மா மீனின் செவுளைத் தூக்கிக் கவனமாக மணந்து பார்க்கிறா: ‘ஷீ ஸ்மெல்ஸ் த ஃபிஷ் கேர்ஃபுலி.’ இது அம்மா செய்யும் வேலை. ஒரே ஸ்மெல்தான், வேலையென்றால் லி, தன்மையென்றால் லி இல்லை. பிள்ளைகளுக்கு இந்த மீனைக் காட்டியே விளங்கப்படுத்துங்கள்.

லி இருப்பதெல்லாம் வினையடையும் அல்ல. ஃப்ரெண்ட்லி பெயரடை. குட் என்பதற்கு வெல் என்று வேறு சொல்லே வரும். ஃபாஸ்ட் இரண்டு இடத்திலும் ஃபாஸ்ட்தான்.

ஹார்ட் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு தம்பி வேலைக்கான நேர்முகத் தேர்வில் ‘ஐ வேர்க் ஹார்ட்லி’ என்று சொல்லிவிட்டு வந்தான். ஹார்ட்லி என்றால் ‘அரிதாகவே, இல்லையென்றே சொல்லலாம்’ என்று பொருள். பகலில் வயல் வேலை, இரவில் படிப்பு என்று கிடந்த பிள்ளை, தான் வேலையே செய்வதில்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டான். அவன் சொல்ல நினைத்தது, ‘ஐ வேர்க் ஹார்ட்.’

நன்றி, வணக்கம்.