வாரம் ஒரு பென்னி எப்படிக் கட்டுப்படியானது?

அடுத்த கேள்வி: “லண்டன் ப்ருடென்ஷியல் கம்பெனி 1854-இல் தொழிலாளர்களுக்கு வாரம் ஒரு பென்னி பிரீமியத்தில் ஆயுள் காப்பீடு கொடுத்தது என்றீர்கள். அதை வாங்க ஆள் வீட்டு வாசலுக்கு வர வேண்டுமே, எப்படிக் கட்டுப்படியாகும்? ஏஜென்ட் இல்லாமலே நடத்தியிருக்கலாமே?”

சரி, கணக்குப் போடுவோம். விடாமல் கட்டினாலும் வருடத்துக்கு 52 பென்னி. அப்போது ஒரு பவுண்டு என்பது 240 பென்னி. அந்த 52-இல் ஏறக்குறைய 20 பென்னி வசூல் செலவுக்கும் நிர்வாகத்துக்குமே போய்விடும். நூற்றுக்கு நாற்பது! இன்று கேட்டால் யாரும் கிட்டவே போக மாட்டோம்.

அப்புறம் எப்படி வளர்ந்தது? ஏஜென்ட் ஊரெல்லாம் அலையவில்லை. அதே தெரு, அதே சந்து, வாராவாரம். 1856-இல் பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பாலிசி தந்தார்கள். ஒரு வாசலில் நின்றால் நாலைந்து பென்னி சேரும்.

“பாதியில் நின்றுபோன பாலிசிகளின் பணத்தில்தானே கொழுத்தார்கள்?” என்று சிலர் கேட்பார்கள். பாதி உண்மை. வேலை போனால் பென்னி நிற்கும், பாலிசி லாப்ஸ் ஆகும், கட்டியது பெரும்பாலும் திரும்பாது. அது அநியாயம்தான். ஆனால் புது பாலிசி பிடித்த கமிஷன் முதலிலேயே ஏஜென்ட் கைக்குப் போயிருக்கும். சீக்கிரமே நின்றால் கம்பெனிக்கும் நஷ்டம்.

இன்னொன்று, வசூல் பெருகினால் லாபம் என்று நினைக்காதீர்கள். இன்று வாங்கும் பிரீமியம் நாளைய சாவுக்குத் தர வேண்டிய கடன். ஆல்பர்ட் என்ற கம்பெனி சின்னக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக விழுங்கி, பார்க்கப் பெரிதாக வளர்ந்து, 1869-இல் கவிழ்ந்தது. மறு வருடமே சட்டம் வந்தது: புதுக் கம்பெனி 20,000 பவுண்டு டெபாசிட் கட்ட வேண்டும், கணக்கை வெளியிட வேண்டும், கொடுக்க வேண்டிய பொறுப்பு எவ்வளவு என்று ஆக்சுவரியை (காப்பீட்டுக் கணக்கு நிபுணரை) வைத்து மதிப்பிட வேண்டும்.

இப்போது ஏஜென்ட் விஷயம். நீங்கள் சொன்னதை அரசாங்கமே செய்து பார்த்தது. 1864-இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது தபால் ஆபீஸ் மூலம் ஆயுள் காப்பீடு கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். அரசாங்க உத்தரவாதம், ஏஜென்ட் செலவும் கிடையாது. ஆனால் ஜனங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கூலி வாங்கிய கையோடு, அந்தப் பணம் கரைவதற்குள் கதவைத் தட்டிக் கேட்க அங்கே ஆள் இல்லை.