ஊரடங்கில் ஜெர்மன் வீட்டுச் சாப்பாடு எப்படி ஆறுதலாக இருந்தது? – உங்கள் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். "அக்கா, கொரோனா ஊரடங்கில் ஜெர்மன்காரர்களின் பழைய வீட்டுச் சாப்பாடுதான் மனதுக்கு ஆறுதலாக இருந்தது என்று போன வீடியோவில் சொன்னீர்கள். ரசம் சாதம் இருக்கும்போது, உப்புச் சப்பில்லாத உருளைக்கிழங்கிலும் முட்டைகோஸிலும் அப்படி என்ன ஆறுதல்? அவர்களே அப்போது அதையெல்லாம் சமைத்தார்களா?" இதுதான் கேள்வி.

நல்ல கேள்வி. சமைத்தார்கள், நிறையவே சமைத்தார்கள். அந்தச் சாப்பாடு ஏன் அந்த நேரத்துக்கு அவ்வளவு பொருந்தியது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் பழைய சமையல் முழுக்க மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் உருவாக்கிய சமையல். நவம்பரில் நிலம் உறைந்தால் மார்ச் வரை தோட்டத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நிலவறையில் உருளைக்கிழங்கு, ஆப்பிள், ஜாடியில் உப்புப் போட்டு அமுக்கிய கோஸ், மூட்டையில் பருப்பு, மாவு, புகை போட்டுத் தொங்கவிட்ட இறைச்சி, இவ்வளவுதான் கையிருப்பு. இதை வைத்தே வீட்டில் எல்லோருக்கும் வயிறு நிறைய வேண்டும், மனமும் சோர்ந்துவிடக் கூடாது. அப்படிப் பிறந்த சமையலை ஊரடங்கில் கையில் எடுத்தால் அது சட்டென்று ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும்?

அந்த மார்ச் மாதம் நான் வசிக்கும் ஜெர்மனியில் எப்படி இருந்தது என்று சொன்னால் இது இன்னும் புரியும். 2020 மார்ச் 18 அன்று, அப்போது ஜெர்மனியின் அரசுத் தலைவராக (சான்சலர்) இருந்த ஏங்கெலா மெர்க்கல் தொலைக்காட்சியில் பேசினார். நிலைமை மோசம், நீங்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், உணவுக்குத் தட்டுப்பாடு வராது, வாங்கிக் குவிக்க வேண்டாம் என்றார், கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அலமாரியில் சாமான் அடுக்குபவர்களுக்கும் நன்றி சொன்னார். நான்கு நாள் கழித்து, வெளியில் இரண்டு பேருக்கு மேல் சேரக் கூடாது என்று வந்துவிட்டது, ஒரே வீட்டுக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் கழிப்பறைக் காகிதம் இல்லை, பாஸ்தா இல்லை, மாவு இருந்த இடம் வெறும் பலகை. ஈஸ்ட் என்று 42 கிராமில் ஒரு சின்னக் கட்டி விற்பார்கள், சாதாரண நாளில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது, அதற்காக ஆட்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எல்லோரும் ரொட்டி சுட ஆரம்பித்துவிட்டார்கள், அதுதான் காரணம். ஈஸ்ட் கிடைக்காதவர்கள் கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்து, அந்தப் புளித்த மாவைப் பாட்டிலில் போட்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார்கள்.

நம் சாமான் பக்கம் வந்தால், விமானம் நின்றதும் பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அரிசியும் துவரம்பருப்பும் வீட்டில் இருந்தன, ரசமும் வைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தினமும் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் ஊர் ஞாபகம் அதிகமாகிறது. அம்மா அப்பாவைப் பார்க்க எப்போது போக முடியும் என்றே தெரியாத நேரத்தில் அந்த ஞாபகம் சில நாள் தாங்கவில்லை. நான் இருக்கும் இந்த ஊரின் சமையலில் கையை வைத்தபோதுதான், கால் ஊன்ற ஒரு இடம் இருக்கிறது என்று தோன்றியது.

நான் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம். ஷ்வாபன் என்று சொல்லும் பகுதி. இவர்களின் உயிர்ச் சாப்பாடு லின்சன் மிட் ஷ்பெட்ஸ்லே, அதாவது பருப்புக் குழம்பும் முட்டை மாவில் செய்யும் குட்டிக் குட்டி நூடுல்ஸும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் மேல்வீட்டு அம்மா. எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். அவர் மேல்படியில் நிற்பார், நான் கீழ்ப்படியில் நிற்பேன், நடுவில் ஒரு வளைவு. அங்கிருந்தே கையைச் சுழற்றிக் காட்டி, மாவை எப்படி அடிக்க வேண்டும் என்று சொல்வார்.

100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, இதுதான் இவர்கள் கணக்கு. அரைக் கிலோவுக்கு ஐந்து முட்டை, உப்பு, ஒரு தம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர். மரக்கரண்டியால் அடிக்க வேண்டும், பிசையக் கூடாது. அடிக்க அடிக்க மாவு கரண்டியோடு இழுத்துக்கொண்டு வரும், அப்புறம் ஒரு கட்டத்தில் மேலே காற்றுக்குமிழ் வந்து உடையும், அதுதான் பதம். கை வலிக்கும். கொஞ்சம் ஊறவிட்டு, ஈரமான சின்னப் பலகையில் மாவைத் தடவி, கத்தியால் மெல்லிசாகச் சீவிச் சீவிக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் தள்ள வேண்டும். பலகை வேண்டாம் என்றால் இதற்கென்று ஓர் அச்சு இருக்கிறது, நம் முறுக்கு உரல் மாதிரியேதான், அதில் பிழிந்துவிடலாம். மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது, அரித்தெடுக்க வேண்டியதுதான். மேல்வீட்டு அம்மா பலகைக் கட்சி. அச்சில் பிழிந்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பலகையில் சீவினால்தான் ஒன்று தடியாக, ஒன்று மெலிதாக வந்து குழம்பு ஒட்டும் என்பார். நானும் இப்போது அதே கட்சிதான்.

பருப்பு என்றால் தோலோடு இருக்கும் பழுப்பு மசூர் வகை. வெங்காயம், கேரட், செலரிக் கிழங்கு, தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக், ஒரு பிரிஞ்சி இலை போட்டு வேகவைத்து, வெண்ணெயில் மாவைச் சிவக்க வறுத்துக் கரைத்து ஊற்றி, கடைசியில் வினிகர். முன்னாலேயே ஊற்றினால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். மெலிசான சாசேஜ் ஒன்று பக்கத்தில் வைப்பார்கள், அது இல்லாவிட்டாலும் குறையில்லை.

இந்தப் பருப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கே ஷ்வாபிஷ ஆல்ப் என்று ஒரு மலைப்பகுதி, சுண்ணாம்புக்கல் நிலம், மண் மெல்லிசு. அங்கே பார்லி, ஓட்ஸோடு கலந்து பருப்பு விதைப்பார்கள், செடிக்கு நிற்க வலு கிடையாது, அந்தத் தானியத்தண்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வேலை அதிகம், விளைச்சல் குறைவு, வெளிநாட்டுப் பருப்பு மலிவு என்று படிப்படியாக விட்டுவிட்டார்கள், விதையே காணாமல் போனது. 1985-இல் வோல்டெமார் மாமல் என்ற விவசாயி பிரெஞ்சு விதையை வைத்து மறுபடி பயிர் செய்ய ஆரம்பித்தார். ஆனால் பழைய உள்ளூர் விதை 2006-இல்தான் கிடைத்தது, அதுவும் எங்கே என்றால் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வாவிலோவ் விதைக் காப்பகத்தில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அந்த நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது, அந்தக் காப்பகத்தில் வேலை பார்த்தவர்களில் பலர், கையெட்டும் தூரத்தில் அரிசியும் பருப்பும் விதையாக இருந்தும் அதைத் தொடாமல் பட்டினியால் செத்துப்போனார்கள். அப்பேர்ப்பட்ட இடத்திலிருந்துதான் ஜெர்மன்காரர்களுக்கு அவர்களுடைய பருப்பு திரும்பி வந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

சரி, "உப்புச் சப்பில்லாத" என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். காரம் இல்லை, அது உண்மை. ஆனால் ருசி இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவர்கள் சமையலின் ஆதாரம் புளிப்பு. வினிகர், ஊறிய வெள்ளரிக்காய், புளித்த கோஸ், புளித்த ரொட்டி. புளியில் வளர்ந்த நாக்குக்கு இது எட்டாத ருசியே இல்லை. சவர்க்ரவுட் என்கிற புளித்த கோஸில் வெளியிலிருந்து ஒரு சொட்டு வினிகர் கூட ஊற்றுவதில்லை. கோஸைப் பொடிப்பொடியாகச் சீவி, கிலோவுக்கு 20 கிராம் உப்பு போட்டு, தண்ணீர் விடும்வரை கையால் நசுக்கி, அந்தத் தண்ணீருக்குள்ளேயே அமுங்கியிருக்கும்படி கனம் வைத்து மூடிவிட்டால், சில வாரத்தில் அதுவே புளித்துவிடும். இதோடு கிராம்பு, ஜாதிக்காய், கடுகு, ஜூனிபர் காய், மார்ஜோரம் இலை, அப்புறம் க்யூமல் என்று நம் சீரகத்துக்கு உறவான ஒரு விதை. சிவப்புக் கோஸை ஆப்பிளும் கிராம்பும் வினிகரும் போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், அந்த வாசனை மாடிப்படி முழுக்க நிற்கும்.

அவர்களும் சமைத்தார்களா என்ற கேள்விக்கு இந்த மணிக்கணக்குதான் பதில். ரூலாடன் என்று ஒரு மாட்டிறைச்சிப் பண்டம். மெல்லிசான துண்டில் கடுகு விழுதைத் தடவி, பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றி இறைச்சி, வெங்காயம், ஊறிய வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டி நூலால் கட்டி, நாலாபுறமும் சிவக்க வறுத்து, மூடி போட்டுக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும். சவர்பிராட்டன் என்றால் இறைச்சியை வினிகரிலும் ஒயினிலும் பல நாள் ஊறவைக்க வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதெல்லாம் கிறிஸ்துமஸுக்கோ பாட்டி வீட்டிலோ மட்டும் சாப்பிடுகிற பண்டமாகிவிட்டிருந்தது. ஊரடங்கில் நிறையப் பேருக்கு வீட்டிலிருந்தே வேலை, பலருக்கு வேலை நேரமே குறைந்துவிட்டது. அடுப்பில் ஒன்று இரண்டு மணி நேரம் கிடக்கட்டும் என்று விடுவதற்கு முதல் தடவையாக அவர்களுக்கு நேரம் கிடைத்தது. பாட்டிகளையோ போய்ப் பார்க்க முடியாது. முதியோர் இல்லங்களில் அந்த வசந்தத்தில் பார்வையாளர்களை உள்ளேயே விடவில்லை. அதனால் என்ன செய்தார்கள் என்றால், போன் போட்டு, பாட்டி, சாஸ் ஏன் திக்காகவில்லை, எவ்வளவு கடுகு போடுவீர்கள் என்று கேட்டார்கள். என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், நாற்பது வயது ஆள், பாட்டியிடம் தினமும் பேச விஷயம் கிடைத்ததே இந்தச் சமையலால்தான் என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும், ரூலாடன் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் ஓடும்.

பருவத்தை இவர்கள் எவ்வளவு முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதற்கும் ஒரு உதாரணம். ஏப்ரல் வந்தால் வெள்ளை அஸ்பாரகஸ் என்கிற தண்டுக் காய்கறி, அதை உருளைக்கிழங்கோடும் வெண்ணெய்ச் சாஸோடும் சாப்பிட வேண்டும், ஜூன் 24 வந்தால் அறுவடை நின்றுவிடும். 2020-இல் எல்லையை மூடியிருந்தும், ஏப்ரலில் 40,000, மே மாதத்தில் இன்னொரு 40,000 என்று வெளிநாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களை அனுமதிக்க அரசு முடிவு செய்தது, ருமேனியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினார்கள். அந்தத் தொழிலாளர்கள் எந்த நிலையில் தங்கவைக்கப்பட்டார்கள் என்பது பற்றி அப்போதே சண்டை நடந்தது, நடக்க வேண்டிய சண்டைதான். நம் தட்டில் வருவது யார் கையால் வருகிறது என்று அந்த வருடம் நிறையப் பேர் பேசினார்கள்.

இரண்டாவது ஊரடங்கு இன்னும் கடினம். 2020 நவம்பர் 2-இல் உணவகங்களை மறுபடி மூடினார்கள், அடுத்த வசந்தம் வரை திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் சந்தைகளே நடக்கவில்லை. நாலரை மணிக்கு இருட்டு. அந்த டிசம்பரில்தான் மேல்வீட்டு அம்மா ஒரு தகரடப்பா நிறைய வெனிலா பிறைப் பிஸ்கட்டும் பட்டைப்பொடி நட்சத்திரப் பிஸ்கட்டும் வாசலில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போனார். நான் அதே டப்பாவில் முறுக்கு போட்டுத் திருப்பி வைத்தேன், நம் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோமே.

தங்கை சைவம் என்று எழுதியிருக்கிறார், அதனால் கோயம்புத்தூரில் எதில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு சூப். அரைக் கிலோ உருளைக்கிழங்கு, ஒரு கேரட், கொஞ்சம் செலரி, வெங்காயம். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, மற்றதைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, பிரிஞ்சி இலையும் உப்பும் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். மிக்சியில் போடாதீர்கள், மத்தால் மசியுங்கள். மெர்க்கலே 2017-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், உருளைக்கிழங்கு சூப்புக்கு மெஷின் வைக்க மாட்டேன், கையால்தான் மசிப்பேன், அப்போதுதான் அங்கங்கே துண்டு நிற்கும் என்று சொல்லியிருக்கிறார், அது சரியான பேச்சு. மார்ஜோரம் கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் ஜாதிக்காயைத் துளி உரசுங்கள், மிளகு இடியுங்கள். வினிகரை அடுப்பில் ஊற்ற வேண்டாம், அவரவர் கிண்ணத்தில் அரைக் கரண்டி விட்டுக் கலக்கிக்கொள்ளட்டும். மிஞ்சினால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் கெட்டியாகிவிடும், சூடு பண்ணும்போது தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.

ஷ்பெட்ஸ்லேவை முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார், அதை அடுத்து எடுத்துக்கொள்கிறேன்.