ஸ்வெங்கூலி வந்துவிட்டார்! (28 டாலர் ஆன்டெனா கதையோடு)

வணக்கம் மக்களே! எனக்குப் பின்னால் ஜன்னலில் ஒட்டியிருக்கிறதே, அந்தக் கறுப்புத் தகடு தெரிகிறதா? அதுதான் ஆன்டெனா, கேபிள் இல்லாமலே காற்றில் வரும் சேனல்களைப் பிடிப்பது. 28 டாலர். ஒரே தடவை கொடுத்தால் போதும், மாதாமாதம் யாருக்கும் அழ வேண்டியதில்லை. கேபிளைத் துண்டித்த வீடியோவுக்கு அடியில் "இனி சனிக்கிழமை என்ன செய்வீர்கள் அக்கா?" என்று கேட்டிருந்தீர்களே, இதோ பதில். போன சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு பழைய நிகழ்ச்சிகள் போடும் மீ டிவி சேனல் பளிச்சென்று வந்தது. சவப்பெட்டி மூடி திறந்தது, தொப்பியோடு என் ஆள், பேய்ப்படம் வழங்கும் ஸ்வெங்கூலி, எழுந்து நின்றார். நான் கைதட்டிய சத்தத்தில் மாடியிலிருந்து பையன் இறங்கி வந்துவிட்டான்.

சும்மா வந்துவிடவில்லை. முதலில் சமையலறை ஜன்னலில் ஒட்டினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஹாலில் சோபாவுக்குப் பின்னால் மாட்டினேன். குரல் வந்தது, முகம் வரவில்லை. அப்புறம்தான் யோசித்தேன்: சிகாகோவின் பெரும்பாலான டிவி கோபுரங்கள் நகரத்துக்கு நடுவே வில்லிஸ் டவர் போன்ற உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கின்றன. நாங்கள் இருப்பது ஊருக்கு மேற்கே. அப்படியென்றால் கிழக்கு ஜன்னல்! அதிலிருந்த கம்பி வலையைக் கழற்றிவிட்டு ஒட்டினேன் பாருங்கள், அசையாமல் நின்றது படம். இந்த 28 டாலருக்குக் கிடைத்த சந்தோஷம் எந்தப் பெரிய டிவியும் கொடுத்ததில்லை.

சரி, புதிதாக வந்தவர்களுக்காக. ஸ்வெங்கூலி என்பவர் பழைய பேய்ப்படங்களைத் தொகுத்து வழங்குகிறவர். கறுப்பு உயரத் தொப்பி, நீள முடி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, சிவப்புச் சட்டை. விளம்பர இடைவேளையில் வந்து கடி ஜோக் சொல்வார். ஜோக் எவ்வளவு மோசமோ அவ்வளவு ரப்பர் கோழிகள் அவர் மேல் பறந்து வந்து விழும். அவருடைய உண்மைப் பெயர் ரிச் காஸ். நான் சின்னப் பெண்ணாகப் பார்த்தபோது அவர் "ஸ்வெங்கூலியின் மகன்". 1979-இல் சிகாகோவின் சேனல் 32-இல் தொடங்கினார்.

'மகன்' என்றால் அப்பா யார்? அவர் ஜெர்ரி ஜி. பிஷப். 1970 முதல் 1973 வரை அதே சேனலில் முதல் ஸ்வெங்கூலி அவர்தான். ரிச் காஸ் அப்போது அந்த நிகழ்ச்சிக்கு ஜோக் எழுதி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு ரசிகர், மாணவர். அனுப்பியது பிடித்துப்போய் பிஷப் அவரை எழுத்தாளராகவே சேர்த்துக்கொண்டார். கடிதம் எழுதிய பையன் கடைசியில் அந்தச் சவப்பெட்டிக்குள்ளேயே போய்ப் படுத்தான் என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பாக இருக்கிறது.

எங்கள் வீடு அப்போது சிகாகோவை ஒட்டிய பெர்வினில். ஆமாம், ஸ்வெங்கூலி கிண்டல் செய்யும் அதே பெர்வின்! அவர் வாயில் அந்தப் பெயர் வந்தாலே பின்னால் கூட்டமாக "பெர்ர்ர்வின்!" என்று கத்துவார்கள். பள்ளியில் எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள், எனக்கு மட்டும் பெருமையாக இருக்கும். டிவியில் நம் ஊர் பெயரை வேறு யார் சொன்னார்கள்?

அம்மாவுக்குப் பேய்ப்படம் என்றாலே ஆகாது, எழுந்து போய்விடுவார். பாட்டிதான் என் ஜோடி. மாயவரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பாட்டிக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. "எதுக்குடி அவன் மேல கோழியைத் தூக்கி அடிக்கிறாங்க?" என்று கேட்டார். மொக்கை ஜோக் சொன்னால் அதுதான் தண்டனை என்றேன். "அடக் கடவுளே, உங்க தாத்தாவுக்கு இப்படி எறிஞ்சிருந்தா நாங்க கோழிப்பண்ணையே வச்சிருக்கலாம்" என்றார். அதற்கப்புறம் கோழி விழுந்தால் தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான் சிரிப்போம்.

ஆனால் நான் ஸ்வெங்கூலியை நேசிப்பது கோழிக்காக இல்லை. 1931-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலில் அரக்கனாக நடித்தவர் பெயருக்குப் பதில் வெறும் கேள்விக்குறிதான் இருக்கும். அரக்கனைப் பார்த்து நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் ஸ்வெங்கூலி வந்து, அது போரிஸ் கார்லாஃப் என்ற நடிகர், அந்த முகத்தைச் செய்தவர் ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக்காரர், அதற்கு மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று சொன்னார். பயம் அப்படியே ஆர்வமாக மாறிப்போனது. 'ஓநாய் மனிதன்' படத்தில் அந்த மனிதனின் முடி யாக் எருமையினுடையது என்று தெரிந்த பிறகு நான் ஓநாயைப் பார்க்கவில்லை, ஒட்டிய இடத்தைத் தேடினேன்! பின்னால் வந்த படங்களில் ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கனாக நடித்த கிளென் ஸ்ட்ரேஞ்ச்தான் 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் டிவி தொடரில் மதுக்கடைக்காரர் சாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பெரிய வேடம், சின்ன வேடம் என்று பார்க்காமல் நடித்தவர்களின் பெயரையெல்லாம் சொல்லுவார். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். நான் பணம் கட்டும் ஒரு ஆப்பில் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரையைச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு அடுத்த படத்தை நீட்டுகிறார்கள். யார் ஒப்பனை, யார் தையல் என்று ஒரு குழந்தை எப்படித் தெரிந்துகொள்ளும்? பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஸ்வெங்கூலி மாதிரி டிவியில் பேய்ப்படம் வழங்கும் ஆட்கள் எப்படி முளைத்தார்கள் தெரியுமா? 1957-இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் 52 பழைய படங்களை 'ஷாக்' என்ற பெயரில் மொத்தமாக டிவி நிலையங்களுக்கு விற்றது. பெரும்பாலும் யுனிவர்சல் ஸ்டுடியோ எடுத்த படங்கள். ஒவ்வோர் ஊர் நிலையமும் உள்ளூர் ஆள் ஒருவருக்கு மை பூசி உட்காரவைத்தது. பிலடெல்பியாவில் ஜான் ஸாக்கர்லி. அவருக்கும் முன்னால், 1954-லேயே லாஸ் ஏஞ்சல்ஸில் வாம்பிரா வந்துவிட்டார். அதே ஊரில் 1981-இல் எல்விரா.

அட, ஆன்டெனாவில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு! இடம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் டிவியில் சேனல் ஸ்கேனை மறுபடி ஓட்டவேண்டும். அதைச் செய்யாமல் "சிக்னல் இல்லை" என்று ஆன்டெனாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

எதில் இருந்தேன்... ஆங், 1986-இல் சேனல் 32 கைமாறியதும் ஸ்வெங்கூலி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அந்த நிலையத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எட்டு வருஷம் ஆளைக் காணோம். 1994-இன் கடைசி ராத்திரி சேனல் 26-இல் திரும்பி வந்தார். அப்புறம் பிஷப்பே, இனி நீ மகன் இல்லை, நீதான் ஸ்வெங்கூலி என்று சொல்லிவிட்டார். 2011 முதல் மீ டிவி வழியாக நாடு முழுக்க வருகிறார்.

வரும் சனிக்கிழமையும் பார்க்கிறேன், பையனையும் உட்காரவைக்கிறேன். சென்ட்ரல் நேரம் ஏழு மணி, கிழக்கில் இருப்பவர்களுக்கு எட்டு. கிளீவ்லாந்து, பிலடெல்பியா, கலிபோர்னியா பக்கம் வளர்ந்தவர்கள் கீழே எழுதுங்கள்: உங்கள் ஊரில் மை பூசிக்கொண்டு வந்தவர் யார், என்ன வீசினார்கள்?