கர்ணன் சாகட்டும், கட்டியக்காரனை மட்டும் விட்றாதீங்க

வணக்கம் மக்களே. நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பகல்ல கதை, ராத்திரி பூரா கூத்து, கடைசில படுகளம், மண்ணுல செஞ்சு படுக்க வெச்ச துரியோதனனை சுத்தி முண்டியடிக்கறதே சின்னப் பசங்கதான். அதே பசங்களுக்கு ஸ்கூல் விழாவுல, கர்ணன் சாவுல முடியற கர்ண மோட்சம் கூத்தைப் போடலாம்னா மட்டும், "ஐயோ கடைசில சாவு வருதே, மாத்திருங்க சார்"னு யாராவது ஆரம்பிச்சுருவாங்க.

இந்த ஆசை ரொம்பப் பழசு. 1681ல நேஹம் டேட்னு ஒருத்தர் ஷேக்ஸ்பியரோட லியர் மன்னன் நாடகத்தை எடுத்து, லியரோட மக கார்டீலியா சாகாம எட்கர்ங்கறவனை கட்டிக்கற மாதிரி எழுதிட்டார், கெழவனுக்கு ராஜ்யமும் திரும்பக் கெடச்சுரும். இத்தனைக்கும் அது பசங்களுக்கு எழுதுனதே இல்ல, வளந்தவங்கதான் நூறு வருஷத்துக்கு மேல அதைப் பாத்துட்டு இருந்தாங்க. டேட் சாவை மட்டும் தூக்கல, லியர்கூடவே திரியற கோமாளியையும் தூக்கிட்டார், 1838ல மேக்ரெடிங்கற நடிகர் போட்டப்போதான் அந்தக் கோமாளி மேடைக்குத் திரும்ப வந்தான். என்னைக் கேட்டா கோமாளியைத் தூக்குனதுதான் பெரிய பாவம்.

ஏன்னா பசங்க சாவைப் பாத்து மிரண்டு எழுந்து போறதில்ல, கதை புரியலன்னாதான் போவாங்க. நம்ம கூத்துல அதுக்குன்னே ஆள் இருக்கான், கட்டியக்காரன். திரைக்குப் பின்னாடி கிரீடம், தோள்ல புஜகீர்த்தி எல்லாம் கட்டிட்டு ராஜா நிப்பாரு, இவன் முன்னாடி நின்னு "யாருப்பா நீ, எந்த ஊரு"ன்னு பேச்சுத் தமிழ்ல கேப்பான். இந்தப் பக்கம் தெலுங்குல ஆடுனாலும் இதே கதைதான். பையன் மனசுல இருக்கற கேள்வியை கட்டியக்காரனையே கேக்க விடுங்க: "ஏம்ப்பா, பெத்தவளே உன்னை ஆத்துல விட்டாளா?"

[திரையில்: குந்தியும் கர்ணனும்]

விடிய விடிய நடக்கறதை முக்கால் மணி நேரத்துக்கு கொண்டு வரணும்னா எதை வெட்டறது? திரும்பத் திரும்ப வர்ற பாட்டை வெட்டுங்க, தேரோட்டி சல்லியனோட போடற சண்டையை சுருக்குங்க, கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி அவன் பொறப்பை சொல்லிக் குத்திக்காட்டற எடத்துல ரெண்டு வரி மட்டும் வெச்சுக்குங்க, அது எட்டாங்கிளாஸ் புள்ளைக்கு நல்லாவே வலிக்கும். ஆனா குந்தி வரம் கேக்கற சீன்ல கை வெக்காதீங்க. நாகாஸ்திரத்தை ரெண்டாந்தரம் விடக்கூடாதுன்னு அவ வாங்கிக்கறா, பதிலுக்கு அவன் கேக்கறது, "நான் விழுந்தா உன் மடில போட்டு, இவன் என் புள்ளன்னு எல்லாரும் கேக்க சொல்லணும்"னு. இதை மொத பத்து நிமிஷத்துலயே போட்டுட்டா பசங்க அந்த வாக்கைப் புடிச்சுட்டே உக்காந்திருப்பாங்க, கடைசில அவ ஓடி வரும்போது யாரும் எதையும் விளக்க வேண்டியதில்ல.

அம்பு பாயறதைக் காட்டியே ஆகணும்னு இல்ல. கிரேக்க நாடகத்துல கொலை பெரும்பாலும் உள்ள நடக்கும், ஒருத்தன் ஓடி வந்து சொல்லுவான். இங்க கட்டியக்காரனே ஓரமா நின்னு பாத்து சொல்லட்டும், அதுவரைக்கும் சிரிக்க வெச்சவன் கொரல் திடீர்னு எறங்கும் பாருங்க, அது போதும். அதுக்கப்புறம் அவன் ஒரு ஜோக்கும் அடிக்கக்கூடாது, கைதட்டுக்கு ஆசைப்பட்டு அங்கயும் அடிக்கற ஆளுங்க இருக்காங்க.

முடிஞ்சதும் பசங்களை உடனே பஸ் ஏத்தாதீங்க, அரிதாரத்தோடவே கர்ணனை எறக்கி பக்கத்துல உக்கார வைங்க. "குந்தி ஏன் முன்னாடியே சொல்லல?"ன்னு எவனாவது கேட்டா கர்ணன் வாயைத் தொறக்கக்கூடாது, குந்தி வேஷம் கட்டுனவரு பதில் சொல்லட்டும்.